ராணிக்குப் பின்னால் நின்ற காவலாளி

எங்கள் பள்ளியில் நாடகம் என்றால் முதலில் குரல், அப்புறம்தான் முகம். நான் அங்கே சேர்வதற்கு முன்பு ஒரு வருடம் மைக் மக்கர் பண்ணியதாம். போர்க்களத்தில் வீர வசனம் பேசிவிட்டுச் சாக வேண்டிய தளபதி, மைக்கைத் தட்டி "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்டுவிட்டுச் செத்தானாம். சபை சிரித்த சிரிப்பில் தலைமை ஆசிரியர் எழுந்து வெளியே போய்விட்டார் என்று கதை. அன்றிலிருந்து நாடக டீச்சர் வசனம் முழுவதையும் முன்கூட்டியே டேப்பில் பதிந்துவிடுவார். நாடகத்தன்று அது ஒலிபெருக்கியில் ஓடும். மேடையில் இருப்பவர்கள் வாயை அசைத்தால் போதும்.

இதில் டீச்சருக்கு ஒரு சௌகரியம் கிடைத்தது. நல்ல குரல் இருக்கும் பிள்ளைக்கு நல்ல முகமும் இருந்தாக வேண்டும் என்ற தொல்லை ஒழிந்தது. எங்களை இரண்டு கட்சியாகப் பிரித்தார். ஒன்றுக்கு முகங்கள் என்று பெயர், மற்றதற்குக் குரல்கள். முகங்கள் எல்லாம் இந்தப் பக்கம், குரல்கள் எல்லாம் அந்தப் பக்கம் என்று சத்தம் போட்டுக் கூப்பிடுவார். நாடகம் இல்லாத நாட்களில் அவர் கணக்கு டீச்சர். வகுத்தல் அவருக்குக் கைவந்த கலை. நான் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சட்டங்களும் வைத்திருந்தார். எந்தக் குரல் யாருடையது என்று வெளியே மூச்சு விடக் கூடாது, வீட்டில்கூட. அதைவிடக் கறாரான சட்டம் முகங்களுக்கு. நாடகம் முடிந்து வேஷத்தைக் கலைக்கும் வரை அவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சற்று முன்பு கம்பீரமாக முழங்கிய ராஜா, திரை விழுந்ததும் கீச்சுக் குரலில் தண்ணீர் கேட்டால் பார்த்தவர்கள் மனதில் இருப்பது பாழாகிவிடுமாம். மீறினால் அடுத்த வருடம் நாற்காலி அடுக்கும் வேலைதான் கிடைக்கும்.

அந்த வருட நாடகத்தை டீச்சரே எழுதினார். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு ராணி, துக்கத்தில் தன் நாட்டில் எந்த மணியும் ஒலிக்கக் கூடாது என்று தடை போடுகிறாள். மணிகள் நின்றதும் நாடு குழம்பிப் போகிறது. பேக்கரிக்காரர் ரொட்டியைக் கருக விடுகிறார், பள்ளிக்கூடம் விடுவதே இல்லை, தீப்பிடித்தால்கூட யாருக்கும் தெரிவதில்லை. கடைசியில் ராணி மக்கள் முன் வந்து மன்னிப்புக் கேட்டு, தன் கையாலேயே முதல் மணியை அடிக்கிறாள். ராணியின் குரல் நான்.

தற்பெருமை இல்லை, அதில் எனக்கு இணை அங்கே யாரும் கிடையாது. மற்ற குரல்கள் ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பப் பேசி, இருமி, பேப்பரைச் சரசரக்க வைத்து டீச்சரின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, நான் ஒரே மூச்சில் முடித்துவிட்டு எழுந்தேன். மைக்குக்கு எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும், மூச்சை எங்கே ஒளிக்க வேண்டும், சிரிப்பது வெளியே தெரிய எவ்வளவு சிரிக்க வேண்டும் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஏனென்றால் நான் அம்மாவோடு பேசியதே டேப்பில்தான்.

அம்மா கடல் தாண்டிய ஓர் ஊரில், படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு வயதான பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். எனக்கு ஏழு வயதில் என்னைச் சித்தியிடம் விட்டுவிட்டுப் போனாள். அப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது, கேட்டால் சித்தி தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள். போனில் பேசினால் சம்பளத்தில் பாதி போய்விடும் என்பதால் அம்மா கேசட்டில் பேசி அனுப்புவாள். அதைக் கேட்டுவிட்டு நான் ஒரு கேசட்டில் பேசி அனுப்புவேன். நான் ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் அந்தக் கேள்வியே எனக்கு மறந்து போயிருக்கும்.

சித்தி ஆஸ்பத்திரிகளுக்குத் திரைச்சீலை தைப்பவள். வீடெங்கும் பச்சைத் துணி, பகலெல்லாம் மெஷின் சத்தம். அதனால் நான் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன். தொங்கும் கோட்டுகளுக்கு நடுவில் பேசினால் குரல் எதிரொலிக்காமல் பக்கத்தில் இருந்து கேட்பது போல வரும். அம்மா அங்கே தனியாகக் கிடக்கிறாள், அழுமூஞ்சித்தனமாக எதையாவது பேசி வைக்காதே என்பது சித்தியின் கண்டிப்பு. அழுகை வந்த இடத்தை எல்லாம் பின்னால் ஓட்டி, அதன் மேலேயே சிரித்துப் பேசிவிடுவேன். அந்தக் கேசட்டுகளை நம்பினால் என்னைப் போல ஆனந்தமான பிள்ளை உலகத்திலேயே இருந்திருக்க முடியாது.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுபவர்களை நாள் முழுக்கச் சமாதானப்படுத்திவிட்டு வருவார். வீட்டுக்கு வரும்போது அவரிடம் பேச்சு மிச்சம் இருக்காது. சித்தியின் பையன்கள் இரண்டு பேரும் சரியான வால்கள். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பாடு போட்டார்கள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆனால் கதவு தட்டப்படும்போது அது எனக்காக இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அம்மா தன் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவள் முகம் எனக்கு மனப்பாடம். இங்கிருந்து என் படம்தான் ஒன்றும் போகவில்லை. சித்தப்பாவின் கேமரா எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டது. நடுவில் எனக்குப் பேன் தொல்லை வந்து முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், அந்தக் கோலத்தில் படம் எடுத்து அனுப்பச் சித்திக்கு வெட்கம். முடி வளரட்டும், வளரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள். ஒரே ஒரு தடவை வகுப்பில் எடுத்த கூட்டுப் படத்தை அனுப்பினோம். அடுத்த கேசட்டில் அம்மா பூரித்துப் போய்ப் பேசியிருந்தாள். நடுவரிசையில் எவ்வளவு அழகாக நிற்கிறாய், கன்னமெல்லாம் சதை பிடித்துவிட்டதே, இப்போதுதான் எனக்கு நிம்மதி என்றாள்.

நான் நடுவரிசையில் இல்லை. கடைசி வரிசையில், ஒரு நெட்டைப் பையனின் தலைக்குப் பின்னால் பாதி முகமாக இருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த சித்தி முதலில் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினை மிதித்தாள்.

அது நானில்லை என்று அடுத்த கேசட்டில் சொல்லிவிட்டேன், சிரித்துக்கொண்டேதான். அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னாள். ஆனால் எனக்கா தெரியாது, மேலே பேசி அழித்த இடம் எப்படிக் கேட்கும் என்று? "படத்துல தெரியாட்டி என்னடி? நேர்ல வந்து நின்னா ஆயிரம் பேருக்கு நடுவுல கண்டுபிடிப்பேன். பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை ஓட்டிக் கேட்டேன் என்று கணக்கில்லை. அந்த இடத்தில் நாடாவே தேய்ந்து போயிருக்கும்.

பிறகுதான் அம்மா வரப்போகிறாள் என்ற செய்தி வந்தது. அவள் பார்த்துக்கொண்ட பெண்மணியை மகன் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறாராம், அம்மாவுக்குக் கொஞ்ச நாள் விடுப்பு. வந்து இறங்கும் நாளும் எங்கள் நாடகமும் ஒரே நாளில் விழுந்தன. சித்தி நேராக வீட்டுக்கு வரச் சொல்லலாம் என்றாள். நான் ஒற்றைக் காலில் நின்றேன். அலமாரிக்குள் உட்கார்ந்து அம்மாவுக்குப் பேசினேன். நாடகத்தில் நான் இருக்கிறேன், எது நான் என்று சொல்ல மாட்டேன், நீயே கண்டுபிடி என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன், ஆனால் அது விளையாட்டு இல்லை. அம்மாவுக்கு என்னைத் தெரிய வேண்டும். வேறு யாருக்கும் தெரியாவிட்டால் பரவாயில்லை.

அப்போது நான் மேடையிலேயே இல்லை, வெறும் குரல்தான். குரலை மட்டும் கேட்டு அவள் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும் என்பதுதான் என் கற்பனை. காவலாளி வேஷம் போட வேண்டிய பையனுக்கு அம்மை போட்டதில் எல்லாம் மாறியது. ராணியின் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஈட்டியோடு நிற்க ஆள் வேண்டும், தைத்து வைத்த சட்டை என் அளவுக்குச் சரியாக இருந்தது. டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேச வேண்டாம், நடக்க வேண்டாம். சும்மா நின்னா போதும். அதாவது வருமா உனக்கு?" என்றார்.

அதுதான் வரவில்லை. ஒத்திகையில் டேப் ஓடத் தொடங்கி என் குரல் ஒலிபெருக்கியில் வந்ததும் என் வாய் தானாக அசைந்தது. ராணியாக நடித்தவளுக்கு நெட்டை என்று பட்டப்பெயர். அவள் முன்னால் உட்கார்ந்து வாயசைக்க, பின்னால் மீசை வைத்த காவலாளி அவளைவிடச் சரியாக வாயசைத்துக்கொண்டிருந்தான். டீச்சர் டேப்பை நிறுத்திவிட்டு, இந்த நாட்டுக்கு ராணி ஒருத்தியா இரண்டு பேரா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வகுப்பில் ஏற்கெனவே ரேடியோ என்று பெயர். அன்றிலிருந்து மீசைக்கார ரேடியோ ஆனேன்.

உதட்டைக் கடித்துப் பார்த்தேன். பல்லை இறுக்கிப் பார்த்தேன். ராணி கோபப்படும் இடம் வந்தால் எல்லாம் காற்றில் போய்விடும். கடைசியில் டீச்சரே வழி கண்டுபிடித்தார். மேடை ஏறும் முன் ஒரு வாய் தண்ணீரை நிரப்பிக்கொள்ள வேண்டும், திரை விழும் வரை அதை விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. வாயில் தண்ணீர் இருந்தால் உதடு எப்படித் திறக்கும்? அது பலித்தது. கன்னம் வலிக்க வலிக்க, என் குரலை நானே கேட்டுக்கொண்டு சிலை மாதிரி நின்று பழகினேன்.

நெட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் ஆளைப் போல அவள் குரல் இல்லை, பேசினால் பக்கத்து பெஞ்சுக்குக் கேட்காது. அவள் மேல் எனக்குப் பொறாமை இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒருநாள் கை கழுவும் இடத்தில் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். மன்னிப்புக் கேட்கும் வசனத்தில் ஓர் இடத்தில் சின்னதாக மூச்சு இழுக்கிறாயே, அங்கே தோள் தூக்குமா தூக்காதா என்று கேட்டாள். நான் பேசியதை யாராவது அவ்வளவு கவனமாகக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தூக்கிக் காட்டினேன். அவளும் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த வருடம் பள்ளியில் ஒருவர் தானாக என்னிடம் வந்து பேசியது அது ஒன்றுதான்.

நாடக நாள் வந்தது. மதியமே வந்திருக்க வேண்டிய அம்மா வரவில்லை, விமானம் தாமதம். சித்தப்பா வேனை எடுத்துக்கொண்டு காத்திருக்கப் போனார். அவரிடம் மட்டும் என் வேஷத்தைச் சொல்லி, அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார். அவர் சொல்லாமல் இருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சொல்வதுதான் அவருக்குக் கஷ்டம். சித்தி வால்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மீசை வரைந்தார்கள். முடியை மறைத்துத் தலைப்பாகை கட்டினார்கள். புருவத்தைக் கரியால் கனமாக்கினார்கள். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னைத் தெரியவில்லை, அது அப்போது சிரிப்பாகக்கூட இருந்தது. வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போய் நின்றேன். திரை விலகியது.

மேடையில் இருந்து பார்த்தால் சபை முழுக்க இருட்டு. முன்வரிசையின் முழங்கால்கள் தெரியும், கடைசியில் வாசல் கதவின் விளிம்பில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும், அவ்வளவுதான். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ராணி மணிகளுக்குத் தடை போட்டாள். ரொட்டி கருகியது, சபை சிரித்தது. தீப்பிடித்தது. கதவு திறக்கவில்லை. அம்மா வரமாட்டாள் என்று நானே முடிவு கட்டி, அதற்காக அழத் தொடங்கவும் தயாராகிவிட்டேன். வாயில் தண்ணீரோடு அழ முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அமைச்சர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காட்சியில் கதவு திறந்தது. வெளிச்சத்தில் ஒரு பெண், கையில் பை, மேலே பழுப்பு நிறக் கோட்டு. படங்களில் பார்த்த அதே கோட்டு. ஆனால் கோட்டு இல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து, எல்லா எடையையும் ஒரு காலில் போட்டு நிற்கும் அந்த நிலையை எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை. எங்கேயோ எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. அம்மா தூணோரம் வந்து நின்றாள். உட்காரவில்லை, பையைக் கீழே வைக்கவும் இல்லை. சித்தப்பா அவளோடு உள்ளே வரவில்லை. வேனின் பின்கதவுப் பூட்டு சரியில்லாததால் அவர் பெட்டிகளுக்குக் காவல் இருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

மேடை வெளிச்சம் அவள் முகத்தில் லேசாக விழுந்தது. அவள் தேடுவது நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அமைச்சர், அவர் பக்கத்தில் தளபதி, தட்டு ஏந்திய தோழிகள். ஒரு தோழியிடம் கொஞ்சம் நின்றாள், அப்புறம் விட்டுவிட்டாள். என்னிடம் வந்தாள். நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இதோ, இதோ என்று உடம்பெல்லாம் துடித்தது. ஈட்டியைத் தூக்கி ஆட்டலாமா என்று இருந்தது. அம்மாவின் கண் என் மேல் இருந்துவிட்டு நகர்ந்து போனது.

மீசை, மீசையால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலைப்பாகை வேறு.

அப்போது அமைச்சர்களின் சண்டை ஓய்ந்து, ஒலிபெருக்கியில் ராணி பேச ஆரம்பித்தாள். "நிறுத்துங்கள். இனி இந்த அவையில் நான் மட்டும்தான் பேசுவேன்."

அம்மாவின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. விழுந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. ஒரு கை தானாகப் போய்த் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சபையில் அத்தனை பேர் இருந்தார்கள். அலமாரிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து எத்தனையோ நாள் என் குரலைக் கேட்ட சித்தி முன்வரிசையில்தான் இருந்தாள், அவள் சின்ன வாலின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா ஒரு வாக்கியத்தில் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் தண்ணீர் கொஞ்சம் தாடையில் வழிந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் அடுத்த வசனம் வரைக்கும்தான் இருந்தது. அம்மா யாரைப் பார்க்கிறாள் என்று நான் அப்போதுதான் கவனித்தேன்.

அவள் நெட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரைப் பார்ப்பாள்? குரல் வருகிறது, வாய் அசைகிறது. நெட்டை அன்று ஒரு பிசிறில்லாமல் நடித்தாள். கிரீடத்துக்குக் கீழே வெள்ளையாக, பெரிய கண்ணோடு, யார் பார்த்தாலும் தன் பிள்ளையாக இருக்கக் கூடாதா என்று நினைக்கும் முகம். அம்மா அந்த முகத்தைப் பார்த்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஒருவரிடம் குனிந்து, மேடையைக் காட்டி ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குக் கேட்க வேண்டியதே இல்லை.

பொறுக்க முடியவில்லை. சட்டமும் வேண்டாம், அடுத்த வருடமும் வேண்டாம். தண்ணீரை மடக்கென்று விழுங்கினேன். ராணியின் கடைசி வசனம் ஓடிக்கொண்டிருந்தது, மன்னிப்புக் கேட்கும் நீளமான வசனம். நான் வாயைத் திறந்து அசைத்தேன். ஒத்திகையில் தானாக அசைந்த மாதிரி இல்லை, வேண்டுமென்றே, பெரிதாக, கடைசி வரிசைவரை தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக அசைத்தேன். ஒவ்வொரு மூச்சையும் அந்தந்த இடத்தில் இழுத்தேன். பக்கத்தில் நின்ற தளபதி வாயைத் திறக்காமலே "ரேடியோ, மூடு" என்று முனகினான். நான் நிறுத்தவில்லை. என் குரலுக்கு என் வாய் அத்தனை பொருத்தமாக அசைந்ததை அந்தச் சபையில் ஓர் ஆள் பார்த்திருந்தால் போதும், எல்லாம் தெரிந்திருக்கும்.

அந்த ஓர் ஆள் நெட்டை தோளைத் தூக்கும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராணி மணியை அடித்தாள். திரை விழுந்தது. கைதட்டல் ஓயவில்லை, டீச்சர் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகங்கள் எல்லோரும் வாயை இறுக மூடிக்கொண்டு, சட்டப்படி, ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். போ என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா பக்கவாட்டுப் படிகளில் ஏறி வந்தாள். கோட்டுப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தாள், நாள் முழுக்கப் பயணம் செய்த களைப்பு முகத்தில் இருந்தது. வந்தவள் யாரையும் பார்க்காமல் நேராக நெட்டையிடம் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். கிரீடம் சரிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. கன்னத்தில், நெற்றியில், தலையில் முத்தம் கொடுத்தாள். பூச்சு எல்லாம் அம்மாவின் உதட்டில் ஒட்டியது.

"என் கண்ணு, எவ்ளோ வளந்துட்டே. நான் சொன்னேன்ல? பாத்ததும் கண்டுபிடிச்சுட்டேன்ல?"

நெட்டை பேசவில்லை. வேஷம் கலைக்கும் வரை பேசக் கூடாதே. ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், அவள் குரலைக் கேட்டதும் அம்மாவுக்குப் புரிந்திருக்கும். அவள் நல்ல பிள்ளை, டீச்சர் சொன்னதைக் கேட்கும் பிள்ளை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டபடி, அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம் இருந்தது. நீ ஏதாவது செய் என்று அது கெஞ்சியது.

நான் உடனே ஒன்றும் செய்யவில்லை. அம்மா எப்படிக் கட்டிக்கொள்வாள் என்று எனக்கு மறந்து போயிருந்தது. கை எங்கே வரும், தலையை எந்தப் பக்கம் சாய்ப்பாள் என்றெல்லாம் ஆறு வருடமாக நான் அலமாரிக்குள் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். இப்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். தலையை இடது பக்கம் சாய்த்தாள். முதுகை நீளமாகத் தடவினாள். இன்னொருத்தி மேல் நடந்தாலும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"அம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். முதலில் நெட்டையின் வாயைப் பார்த்தாள், அது மூடியிருந்தது. பிறகு தலையைத் தூக்கி, மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தாள். இன்னொரு முறை கூப்பிட்டேன். அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

தலைப்பாகையைக் கழற்றினேன். மீசையைக் கையால் துடைத்தேன், அது கன்னமெல்லாம் கரியாக அப்பிக்கொண்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். தான் விட்டுவிட்டுப் போன ஏழு வயதுப் பிள்ளையை அந்த முகத்துக்குள் எங்கேயாவது கண்டெடுத்துவிட முடியுமா என்று தேடினாள். கிடைக்கவில்லை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்தால் வருமே அந்த மாதிரிச் சிரிப்பு. அதை அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, வலித்தது.

நெட்டையின் மணிக்கட்டை இன்னும் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பேசும்மா" என்றாள். "இன்னும் கொஞ்சம் பேசு."

எத்தனை கேசட்டுகள் பேசியிருக்கிறேன். பள்ளிக்கூடம், மழை, வால்களின் அட்டகாசம், பக்கம் பக்கமாக. இப்போது அவள் எதிரில் நிற்கும்போது ஒரு சொல் கிளம்பவில்லை. பின்னால் ஓட்டி மறுபடி பேச இங்கே பொத்தான் கிடையாது. திரைக்கு அந்தப் பக்கம் சித்தி என்னைத் தேடிக் கூப்பிடுவது கேட்டது. நெட்டை மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டு, சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்தாள்.

"நான்தாம்மா" என்றேன். குரல் பாதியில் உடைந்தது. அம்மாவுக்கு நான் அனுப்பிய எந்தக் கேசட்டிலும் அது உடைந்ததில்லை.

"தெரியுது" என்றாள் அம்மா. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. என் கன்னத்தில் இருந்த கரி அவள் விரலில் ஏறிக்கொண்டிருந்தது. "நல்லா தெரியுதுடா கண்ணு."

"கண்ணத் தொறந்து சொல்லும்மா."

அம்மா கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது.